துடைப்பப் புயலன்று பூட்டியிருந்த கூடம்

சங்கத் தலைவர் டாக்டர் மம்தூஹ் ஸர்வத் அவர்களே, நம் கண்காட்சிக்குப் பணம் தர முன்வந்திருக்கும் வங்கியின் பிரதிநிதிகளே, உஸ்தாத் ரவூஃபின் மகள் நஜ்லா, இருக்கை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் ஓவியர்களே, அனைவருக்கும் என் வணக்கம். கதவோரம் நிற்பவர்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உஸ்தாத் இருந்திருந்தால் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.

நாம் உஸ்தாத், அதாவது ஆசான், என்று அழைத்த ரவூஃப் ஷஹாத்தா மறைந்து இன்று நாற்பதாம் நாள். எனக்குச் சில நிமிடங்கள்தான் தந்திருக்கிறார்கள். என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரீகள், நேரம் தவறினால் முட்டி போடவைப்பார்கள். இன்று நான் நேரம் தவறப் போகிறேன். என்னை முட்டி போடச் சொல்லும் தகுதி இந்த மேடையில் யாருக்கும் இல்லை.

யார் இந்த ரவூஃப்? அலெக்சாந்திரியா துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவர். வேலை முடிந்த பிறகு கடலை வரைந்தவர். பகலெல்லாம் கூலிக்கு உழைக்கிறவன் வரைந்தால், அந்தப் படத்தை மாட்ட யார் சுவர் தருவார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அவர் இந்த உழைக்கும் ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

எங்கள் அறிமுகம் ஒரு மனத்தாங்கலில் தொடங்கியது. என் கணவர் காலமான மறு ஆண்டு, சங்கத்தின் கண்காட்சிக் கூடத்துக்கான வாடகையை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லப் போனேன். கூடவே, நான் வரைந்த ரோஜாப் படம் ஒன்றையும் எடுத்துப் போனேன். அவர் அதைச் சன்னலருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மதாம், பூவெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது. ஒண்ணாவது சேட்டை பண்ண வேணாமா?"

"அப்போ படம் வேண்டாம்ங்கறீங்க."

"படம் வேணாம். வாடகையக் குடுங்க, சந்தோஷமா வாங்கிக்கிறேன்."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சில நாள் கோபமாக இருந்தேன். பிறகு வாடகையைக் கட்டினேன். அன்றிலிருந்து தொடர்ந்து கட்டினேன். ஏன்? பணத்தை வாங்கிக்கொண்டு சுவரை விற்காத ஒரு மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நம் கண்காட்சி எப்போது திறக்கும்? இந்த ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நவம்பரில் துடைப்பப் புயல் வந்து கடற்கரையைப் பெருக்கித் தள்ளும் நாளில். அன்று படகு போகாது. சாரத்தில் ஏற முடியாது. வெளிச்சுவருக்கு வண்ணம் பூச முடியாது. கூலிக்காரர்களுக்கு வேலை இல்லாத நாள் அது. அதனால்தான் அது நம் நாளாக இருந்தது. "மழையில யாரு உஸ்தாத் வருவா?" என்று ஒருவர் கேட்டபோது அவர் சொன்னார்: "வேலை இல்லாதவன் வருவான். அவனுக்காகத்தானே நடத்துறோம்?"

சென்ற நவம்பரின் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். அந்த வாரம் செயற்குழு கூடிக் கண்காட்சியை ஏப்ரலுக்கு மாற்றியது. வங்கியின் விருந்தினர்கள் மழையில் வரமாட்டார்களாம். ஏப்ரலில் கடல் அமைதியாக இருக்கும். எல்லாப் படகும் கடலில் இருக்கும். எல்லாச் சாரத்திலும் ஆள் இருக்கும். நம்மவர்கள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? யாரும் கேட்கவில்லை. என்னையும் அழைக்கவில்லை.

முடிவுகள் தவறலாம். அதைப் பேச நான் இங்கே எழுந்து நிற்கவில்லை. அந்த முடிவை எடுத்த மறுநாள் டாக்டர் மம்தூஹ் ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். நான் கட்டிலருகே கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன்.

"கூடம் தயாரா மம்தூஹ்?"

"எல்லாம் வழக்கம்போலதான் உஸ்தாத். நீங்க உடம்பப் பாருங்க. புயல் வந்தா நாங்க பாத்துக்குறோம்."

"புயல் வந்துரும். நீங்க வந்துருவீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது, நானும் சிரித்தேன். பழத்தை நான்தான் உரித்துக் கொடுத்தேன்.

புயல் வந்தது. வீடு திரும்பியிருந்த உஸ்தாத், வெளியே போகக் கூடாது என்ற மருத்துவரின் பேச்சைக் கேட்காமல், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வாடகைக் காரில் வந்துவிட்டார். நானும் ஏறினேன்.

"என்ன ஹாஜ்ஜி, இந்த மழையில மாப்பிள்ளை மாதிரி கிளம்பியிருக்கீங்க?" என்றார் ஓட்டுநர்.

"கண்காட்சி திறப்புப்பா. நீயும் வந்து பாரு."

"படம் பாத்துட்டு நின்னா வண்டிக்கு யாரு பெட்ரோல் போடுவா?"

"இந்த மழையில உனக்கு எவன் சவாரி வரப்போறான்? வா."

கூடம் பூட்டியிருந்தது. மேல்மாடத்தின் கீழே, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய படங்களை நெஞ்சோடு அணைத்தபடி நம் ஓவியர்கள் நின்றிருந்தார்கள். மீனவர் பய்யூமி இருந்தார், தையல்காரி இன்ஸாஃப் இருந்தாள், இன்னும் பலர். அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. காவலாளிதான் சொன்னார்: "ஏப்ரலுக்கு மாத்திட்டாங்களே உஸ்தாத். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன வாரமே மாத்தியாச்சு. உங்களுக்குச் சொல்லலையா?"

உஸ்தாத் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"படம் கையிலதானே இருக்கு? பிரிங்க."

மழைச்சாரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாரும் பிரித்தார்கள். உஸ்தாத் ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். ஒன்றையும் அவசரமாகப் பார்க்கவில்லை.

"பய்யூமி, அலை நல்லாருக்கு. படகுதான் பொய். நீ கடலுக்குப் போறவன், படகு இப்படியா சாயும்?"

"அது என் மச்சான் படகு உஸ்தாத். அப்படித்தான் சாயும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாடகைக் கார் ஓட்டுநரும் இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டின் கண்காட்சி அதுதான். சங்கத்தின் ஆண்டறிக்கையில் அது நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் உஸ்தாத் கேட்டார்: "மதாம், அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே மம்தூஹுக்குத் தெரியுமா?"

"தெரியும் உஸ்தாத்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆரஞ்சு நல்லா இனிப்பா இருந்துச்சு" என்றார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு வாரத்தில் போய்விட்டார். மழையில் நனைந்ததால் போனார் என்று நான் சொல்லமாட்டேன். இதயம் என்று மருத்துவர் சொன்னார், நம்புகிறேன். ஆனால் தான் வளர்த்த சங்கம் தன்னிடம் பொய் சொன்னது என்று தெரிந்துகொண்டு போனார். அதை எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார்.

தலைவர் அவர்களே, ஏப்ரல் கண்காட்சியில் ரவூஃப் ஷஹாத்தா பெயரில் ஒரு பரிசு வழங்கப் போகிறீர்கள். அதை முன்மொழியத்தான் என்னை அழைத்தீர்கள். நான் முன்மொழியமாட்டேன். நஜ்லாவும் சம்மதிக்கமாட்டாள். அவருடைய புயல் நாளை எடுத்துக்கொண்டீர்கள். அவர் பெயரையும் தர வேண்டுமா?

கதவோரம் நிற்பவர்களே, இனி உங்களோடு பேசுகிறேன். இன்னும் சில நாளில் இயேசுவின் திருமுழுக்குப் பண்டிகையும், அதை ஒட்டி அடிக்கும் திருமுழுக்குப் புயலும் வருகின்றன. முஹர்ரம் பே பகுதியில் உள்ள என் வீட்டின் முன்னறைகள் இரண்டையும் காலி செய்துவிட்டேன். நிலைக்கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். என் ரோஜாக்களையும் இறக்கிவிட்டேன். நஜ்லா ஆணிகளை அடித்து முடித்துவிட்டாள். மழை தொடங்கியதும் படங்களோடு வாருங்கள். பண்டிகைக்குச் சமைத்த சேப்பங்கிழங்கும் கரும்பும் இருக்கும். இந்தப் புயலுக்கும் அங்கேதான், வரும் நவம்பரில் துடைப்பப் புயலுக்கும் அங்கேதான். நான் இருக்கும்வரை நான் நடத்துவேன். பிறகு நஜ்லா நடத்துவாள். வங்கிக்காரர்கள் பணம் தந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வேன். சுவர் கிடைக்காது.

மம்தூஹ், நீங்களும் வரலாம். ஒரு காலத்தில் நீங்கள் நல்ல ஓவியர். படத்தைக் கொண்டு வந்து, மற்றவர்களோடு நின்று பிரித்துக் காட்டுங்கள். ஆரஞ்சுப் பழம் மட்டும் கொண்டு வராதீர்கள்.