எக்ஸ்போர்ட் பண்ணாத ஒரு படம்

அய்யோ, அந்த எக்ஸ்போர்ட் இல்லீங்க. உங்கப்பாவும் இப்பத்தான் கேட்டாரு, எந்தெந்த நாட்டுக்குத் தம்பி அனுப்புறீங்கன்னு. நான் என்ன ரப்பர் ஷீட்டா அனுப்புறேன்? நான் அனுப்புறது படம். அதுவும் வெளிநாட்டுக்கு இல்ல. ஒரு கம்ப்யூட்டர்லேருந்து பக்கத்து மேசையில இருக்கிற கம்ப்யூட்டருக்கு. எல்லாம் குலசேகரம் அங்கிள் செஞ்ச வேலை. கல்யாணம் பேசி வைக்கிறவரு, எதையும் கொஞ்சம் தூக்கித்தான் சொல்லுவாரு. பையன் எக்ஸ்போர்ட் லைன்ல இருக்கான்னு சொன்னாராம். அதக் கேட்டுத்தான் உங்கம்மா குவே பலகாரம் இன்னொரு தட்டு கொண்டு வந்து வச்சாங்க. பாவம், திரும்ப எடுத்துக்கச் சொல்லலாமான்னு பாத்தேன்.

உக்காருங்க. உங்க வீட்டுப் போர்ட்டிக்கோவுல உங்களையே உக்காரச் சொல்றேன் பாருங்க. ஆனா நான் கொஞ்சம் பேசுவேன், நின்னா கால் வலிக்கும். பெரியவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் நமக்கு டைம். உள்ள போனதும் ரெண்டு பேரையும் வச்சுக் கேப்பாங்க, சம்மதமா இல்லையான்னு. இன்னைக்கே பதில் வேணும்னு எங்கம்மா காடியில ஏறி உக்காரும்போதே சொல்லிட்டாங்க. அதனால என் வேலை என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். முழுசா தெரிஞ்சுக்கணும்.

என்ன? ஜன்னலா? ஆமாமா, நானும் பாத்தேன். எல்லாக் கண்ணாடிப் பட்டையும் மூடியிருக்கு, நடுவுல ஒண்ணு மட்டும் திறந்திருக்கு. உங்க பெரியம்மாவா? இருக்கட்டுங்க. பெரியம்மா, உள்ள புழுக்கமா இருந்தா வெளிய வந்து உக்காருங்களேன், நாற்காலி இருக்கு! ஓ, துணி மடிக்கிறீங்களா. சரி சரி, மடிங்க.

ஒரே துண்டத்தான் மடிக்கிறாங்க, நாம வந்து உக்காந்ததுலேருந்து. பரவாயில்ல. அவங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமாவே சொல்றேன்.

நான் இருக்கிறது யூனிவர்சிட்டி லேப். நிபோங் திபால் பக்கம் இறால் பண்ணை நிறைய இருக்குதுல்ல, அங்க இறாலுக்கு சீக்கு வந்தா எங்ககிட்ட கொண்டு வருவாங்க. செவுள சன்னமா சீவி, சாயம் போட்டு, கண்ணாடியில ஒட்டி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வைப்போம். மேல ஒரு கேமரா. அது பாக்கிறது கம்ப்யூட்டருக்குள்ள வரும். இது வரைக்கும் யாரு வேணும்னாலும் செய்வாங்க. வந்த படத்த வெளிய எடுக்கிறது இருக்கே, அங்கதான் நான்.

எக்ஸ்போர்ட்ட அமுக்கினா உடனே வராதுங்க. கேள்வி கேக்கும். திரையில தெரியிற மாதிரி வேணுமா, உள்ளபடியே வேணுமா? ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனப்பீங்க. நெனக்கலையா? நெனைக்கிறதா வச்சுக்கங்க. எங்க கேமரா கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல நாலாயிரம் படி பாக்கும். திரை காட்டுறது இருநூத்தம்பது சொச்சம். மிச்சம் எங்க போச்சு? போகல. உள்ளயே இருக்கு. நமக்குக் கறுப்பாத் தெரியிற எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, சன நெருக்கடியா உக்காந்திருக்கு. திரையில தெரியிற மாதிரின்னு எடுத்தா அதெல்லாம் போயிடும். உள்ளபடியேன்னு எடுத்தா முழுசா வரும், ஆனா ஒரு டிஸ்கெட்டுல அடங்காது. துண்டு போட்டு ரெண்டு மூணுல ஏத்தணும். ஏத்திக் கொண்டு போனா கடைசி டிஸ்கெட் படிக்காது. எப்பவும் கடைசிதான். முதல் டிஸ்கெட் கெட்டதா எங்க லேப்ல சரித்திரமே கிடையாது.

தூக்கம் வருதா? பெரியம்மா கொட்டாவி விட்டாங்க, கேட்டுச்சு. சரி, கலர் பத்திச் சொல்றேன், அது சுவாரசியமா இருக்கும்.

அந்தக் கேமராவுக்கு நிறமே தெரியாது. எல்லாம் சாம்பல். நிறம் நாம குடுக்கிறது. இந்தப் படிக்கு மஞ்சள், அந்தப் படிக்கு ரோஸ்னு சொல்லிட்டா சாஃப்ட்வேர் பூசிக் குடுத்துரும். ஒரு தடவ ஓப்பன் டேக்கு, வெளியாளுங்க லேப்பப் பாக்க வர்ற நாளுக்கு, ஒரு செவுள ரோஸ் கலர்ல எடுத்தேன். எங்கம்மா பாத்துட்டு, சூலியா தெருவுல கொண்டு போயி ஃபிரேம் போட்டு, ஹால்ல என் பட்டமளிப்பு படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாங்க. வர்றவங்க எல்லாம் போகன்வில்லா பூன்னு நெனச்சுக்கிறாங்க. புஷ்பராணி ஆன்ட்டி கிளை கேட்டாங்க, ஒடிச்சுக் குடுன்னு. நான் வாயைத் திறந்தேன், அம்மா முறைச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஆன்ட்டிக்குத் தெரியாது, அது செத்துப் போன இறாலோட செவுளுன்னு. நான் குடுத்ததுல அளவுக்கோடு கீழ இருந்துச்சு, இத்தன மைக்ரான்னு. ஃபிரேம் போடுறவரு அழகுக்காக அத வெட்டிட்டாரு. அளவு இல்லாத படம்னா எனக்கு ஆகவே ஆகாதுங்க. அது செவுளா இருக்கலாம், மாங்காயா இருக்கலாம், சந்திர மண்டலமா இருக்கலாம். சொன்னா எங்கம்மாவுக்குக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் அவங்களுக்கு யாழ்ப்பாணம் வாயில வரும். உவனோட கதைச்சா மனுசருக்கு விசர் பிடிக்கும்பாங்க, பைத்தியம் பிடிக்குமாம்.

உங்க வீட்டுலயும் அப்படித்தானா? ம்.

அதுக்கப்புறம் எண்கள். படம் மட்டும் வெளிய வந்தாப் போதுமா? எத்தன செல், எவ்வளவு பெருசு, எவ்வளவு கறுப்பு, எல்லாம் கணக்கா வரணும்ல? அதுக்கு வேற எக்ஸ்போர்ட். எங்க சாஃப்ட்வேர் ஜெர்மன்காரங்க செஞ்சது. அவங்க ஊருல புள்ளி வைக்கிற எடத்துல கமா வைப்பாங்க. பதினேழரைய பதினேழு கமா அஞ்சுன்னு எழுதுவாங்க. அத அப்படியே இங்க எக்ஸெல்ல போட்டா, அது கமாவ மதிக்கிறதே இல்ல. நூத்தி எழுபத்தஞ்சுன்னு படிக்கும். பண்ணைக்கார சீனி முகம்மது காக்காவுக்கு ரிப்போர்ட் குடுத்தேன். இறாலோட நீளம், சராசரி, நூத்தி எழுபத்தஞ்சு சென்டிமீட்டர். என்னைவிட உசரம். அவரு கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. ரொம்ப மரியாதையான மனுசன். தம்பி, மத்ததெல்லாம் சீக்குல போனாப் போகட்டும், இது எந்தக் குளத்துல இருக்குன்னு மட்டும் காட்டுங்க, ஒண்ணே ஒண்ண வித்துட்டு நான் மக்காவுக்குப் போயிட்டு வந்துர்றேன்னாரு.

சிரிக்கலையே நீங்க. பரவாயில்ல. எங்க ப்ரொஃபசரும் அன்னைக்குச் சிரிக்கல.

இனிமேத்தான் முக்கியமான விஷயம். ஃபைல் வகை. டிஃப்னு ஒண்ணு, பிட்மேப்னு ஒண்ணு, ஜேபெக்னு ஒண்ணு. மூணுக்கும் என்ன வித்தியாசம்னு ஒண்ணொண்ணா சொல்றேன். டிஃப்ல மட்டும் உள்வகை ஏழெட்டு இருக்கு. ஜேபெக் இருக்கே, அது படத்தக் கசக்கிச் சுருட்டி எடுத்துட்டுப் போறது. பிரிச்சா சுருக்கம் போகாது. அதுல எடுத்து அளக்கிறவங்கள என்ன செய்யலாம்னு நான் தனியா ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன், ஆங்கிலத்துல, பதினோரு பக்கம். பெரியம்மா, உங்களுக்கும் ஒரு காப்பி கொண்டு வரட்டுமா? பெரியம்மா?

போயிட்டாங்க. துண்டக் கூட விட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்பாடா. ஜேபெக் வரைக்கும் தாங்குவாங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. எங்க சித்தியெல்லாம் டிஸ்கெட்டுலயே போயிடுவாங்க. கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க, மெதுவாப் பேசுவோம்.

கனகேஸ்வரி, நீங்க வெளிய வந்ததுலேருந்து அந்தப் பூந்தொட்டியத்தான் பாக்குறீங்க. பவுடருக்குக் கீழ கண்ணு வீங்கியிருக்கு. இல்ல, சொல்ல வேணாம். நான் கேக்கல. நான் பாத்தத மட்டும் சொல்றேன்.

அங்கிள் உங்க படம் ஒண்ணு குடுத்தாருல்ல? கொடிமலை மேல, ரயில் பக்கத்துல நிக்கிறீங்க. மஞ்சள் பாஜு போட்டுக்கிட்டு. ஆங், அதேதான். அதுல ரயில் ஜன்னல் ஒண்ணு உங்க தோளுக்குப் பக்கத்துல தெரியுது. வெறும் கறுப்பு. அந்தப் படத்த லேப்புக்குக் கொண்டு போயி, கேமராவ மைக்ராஸ்கோப்புலேருந்து கழட்டி ஸ்டாண்டுல மாட்டி, பெருசாக்கிப் பாத்தேன். ஏன்னு அப்புறம் சொல்றேன். கறுப்ப கொஞ்சம் மேல தூக்கினா அதுக்குள்ள இருக்கிறது வெளிய வரும்னு சொன்னேன்ல? இல்லாதத அது கொண்டு வராதுங்க, அத மட்டும் யாரும் நம்பக் கூடாது. இருந்தா இழுத்துக் குடுக்கும். இருந்துச்சு. ஜன்னல் கண்ணாடியில, படம் எடுக்கிறவரு நிக்கிறாரு. கேமரா கண்ண மறைச்சிருச்சு, மூக்குக்குக் கீழ மட்டும்தான் தெரியுது.

இப்பத்தான் உங்கம்மா டீ ஊத்தும்போது சொன்னாங்க, அந்தப் படத்த எடுத்தது ஆபீஸ் சிநேகிதி சலேஹான்னு. சலேஹாவுக்கு மீசை இருக்குங்களா?

பயப்படாதீங்க, பயப்படாதீங்க. யாருகிட்டயும் சொல்லல. எங்கம்மாவுக்குத் தெரியாது. அங்கிளுக்குத் தெரியாது. பிரிண்ட் எடுக்கல. எக்ஸ்போர்ட்டும் பண்ணல. அந்தப் படம் அந்தக் கம்ப்யூட்டர விட்டு வெளிய வரல, நான்தான் அத மூடினேன், சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, வேணாம்னேன்.

மீசைய வச்சு மட்டும் நான் முடிவு பண்ணலைங்க. மீசை யாருக்கும் இருக்கலாம், அண்ணனா இருக்கலாம், வழியில போறவரா இருக்கலாம். ஆனா அவரு தோள்ல ஒரு பொம்பள ஹேண்ட்பேக் தொங்குது. உங்க கையில பேக் இல்ல. கொடிமலையில, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, ஒரு பொண்ணோட பேக்க தோள்ல மாட்டிக்கிட்டுக் கூச்சமில்லாம நிக்கிற ஆம்பள. அண்ணன் அப்படி நிக்க மாட்டான். நானே நிப்பேனான்னு தெரியல.

ம். ம்... ஒரே ஆபீஸா. எவ்வளவு நாளா? சரி, அத விடுங்க. அவரு வீட்டுல? அவரோட அக்காதான் வந்து பேசணும்னா, அக்கா எங்க இருக்காங்க? ஈப்போவா. அவங்க வர்றதுக்கு லீவு கிடைக்கணும். அதுக்குள்ள உங்கப்பா வேற யார் வீட்டோடயாவது தட்டு மாத்திருவாரு. அதுதானே அழுகை?

அழாதீங்கலா, உள்ளேருந்து பாத்தா நான் ஏதோ சொல்லிட்டேன்னு நெனப்பாங்க. நான் சொல்றதக் கேளுங்க. நான் வேணாம்னு சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்? பொண்ணுகிட்ட என்ன குறைன்னு ஊரு கேக்கும், உங்கப்பா முகம் விழுந்துரும், ரோஷத்துல அடுத்த வாரமே வேற ஒருத்தரக் கொண்டு வருவாரு. அது சரிப்படாது. நீங்கதான் வேணாம்னு சொல்லணும். ஏன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் பேசுனேன். அந்த ஆளு உக்காந்ததுலேருந்து டிஸ்கெட், கமா, செவுளுன்னு ஒரே பேச்சு, என்னைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல, வாழ்நாள் பூரா இத என்னால கேக்க முடியாதுன்னு சொல்லுங்க. பெரியம்மா சாட்சி. அவங்களே கை தூக்கி ஆமான்னு சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கும் ஒரு பாடம், அடுத்த தடவ வர்றவன் பேச்ச முன்னாலேயே விசாரிச்சுப் பாக்கணும்னு. விசாரிக்க நாள் ஆகும். ஈப்போ ஒண்ணும் அவ்வளவு தூரம் இல்ல.

எங்கம்மாவா? அவங்க என்னைத்தான் திட்டுவாங்க. காடியில வீடு போற வரைக்கும் சுத்த யாழ்ப்பாணம்தான். பழக்கம்தான் எனக்கு.

இல்லீங்க, பொய் இல்ல. பேசுனது அத்தனையும் உண்ம. கட்டுரை கூட பதினோரு பக்கம்தான்.

ஏன் பெருசாக்கிப் பாத்தேன்னா? ஆமா, சொல்றேன்னு சொன்னேன்ல. அது ஒண்ணுமில்ல. குத்தம் கண்டுபிடிக்க இல்லீங்க. அங்கிள் இதுவரைக்கும் கொண்டு வந்த படம் எல்லாம் ஐ.சி. அட்டைக்கு எடுத்த மாதிரியே இருக்கும். உங்க படத்துல மட்டும்தான் ஒரு சிரிப்பு இருந்துச்சு. சின்னப் படம். அந்தச் சிரிப்ப கொஞ்சம் பெருசாப் பாக்கலாம்னு நெனச்சேன். யாரப் பாத்துச் சிரிச்சீங்கன்னு பக்கத்துல ஜன்னல்லயே இருந்துச்சு. அவ்வளவுதான்.

சரி, கூப்பிடுறாங்க. எந்திரிங்க, நீங்க முன்னால போங்க. முகத்த மட்டும் கொஞ்சம் நொந்து போன மாதிரி, தலைவலி வந்த மாதிரி வச்சுக்கங்க. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம்.

அய்யய்யோ, இப்பப் போயி சிரிக்காதீங்க. இப்படிச் சிரிச்சுக்கிட்டே உள்ள போனீங்கன்னா, புடிச்சிருச்சுன்னு நாள் குறிச்சிருவாங்க.