கரும்படிகத்தின் வெளுத்த பாதி

மேடையில் வீற்றிருக்கும் கல் சேகரிப்போர் சங்கத் தலைவர் அவர்களே! கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் என் தங்கைக்கும் அவள் மகளுக்கும் இரண்டு பக்கமும் துணையாக உட்கார்ந்திருக்கும் உறவுகளே! தராசுக்காரர் போய்விட்டார் என்றதும் போட்டது போட்டபடி ஓடிவந்த ஐந்நூறு நண்பர்களே! சரி, இந்த மண்டபத்தில் நாற்காலியே அறுபதுதான். அறுபது நண்பர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிறகு செயலாளர் ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார். அதோ அந்தக் கண்ணாடிப் பேழையிலிருந்து என் மாப்பிள்ளையின் கரும்படிகத்தை எடுத்துவிட வேண்டுமாம். அது பூமியில் விளைந்த கருப்பு இல்லையாம், எந்திரத்தில் ஏற்றிய கருப்பாம். கணவனைப் பறிகொடுத்த கையோடு, அவர் ஏமாற்றுக்காரர் என்ற பேச்சையும் என் தங்கை இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டுமா? கேட்க வேண்டுமா, சொல்லுங்கள்!

யார் அவர்? முப்பத்தைந்து வருடம் இந்த ஊர்க் கடைகளின் தராசுகளைப் பழுதுபார்த்தவர். ஒரு கடுகு அளவு தட்டு சாய்ந்தாலும் சாப்பாட்டுக்கு எழ மாட்டார். 'கரும்படிகச் செம்மல்' என்று சங்கம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தை யோசித்துச் சொன்னவனே நான்தான். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். மற்றவர்கள் ஒரு தடவைதானே படித்தார்கள்?

படிகம் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ஆற்று மணலில் பாதி அதுதான். எல்லோரும் வெள்ளையைப் பொறுக்கினார்கள், இவர் கருப்பைத் தேடினார். ஏன் என்று கேட்டேன். "வெள்ளைக் கல்லு பார்த்த உடனே எல்லாத்தையும் காட்டிடும் மச்சான். இது அப்படி இல்ல. பக்கத்துல உட்காரணும், வெளிச்சம் பிடிக்கணும், பொறுமையா இருக்கணும்" என்றார். மெல்லிய ஓரத்துக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். அதுவரை கரித்துண்டு போலக் கிடந்த கல்லுக்குள்ளே கடுங்காப்பி நிறத்தில் ஒரு ஒளி எழுந்தது பாருங்கள்! வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாறையிலிருந்து கசியும் கண்ணுக்குத் தெரியாத கதிர், லட்சக்கணக்கான வருடம் பட்டுப் பட்டு ஏறுகிற கருப்பு அது. சில வியாபாரிகள் அதே காரியத்தை எந்திரத்தில் சட்டென்று முடித்துவிடுவார்கள். கருப்புப் படிகம் சேகரிப்பவனை 'எந்திரக் கல் வைத்திருக்கிறாய்' என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது. அந்த வசவுதான் அவர் மேல் விழுந்தது.

அந்தக் கல் கிடைத்த கதையை நான் இதே மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கைவிட்ட சுரங்கம், முந்நூறு அடி ஆழம், இடுப்பில் கயிறு, எதிரே இரண்டு பாம்பு. நீங்களும் கைதட்டியிருக்கிறீர்கள். இன்று என் தங்கை முன்னால் சொல்கிறேன்: சுரங்கமே கிடையாது. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், என் இடுப்பளவு. பாம்பும் கிடையாது. தோண்டிப் போட்ட குவியலில் அவர்தான் குனிந்து எடுத்தார். மழை தூறியது, நான் குடை பிடித்தேன். கடப்பாறை பட்டு அது இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பாதியும் கருப்பு! செயலாளர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் கருப்பு!

கல்லில் ஒட்டிய களிமண்ணைப் போக்க அவருக்கு ஒரே வழிதான். தண்ணீரில் ஊறவைப்பார், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார், மறுபடி ஊறவைப்பார். மாதக்கணக்கில்! எனக்குப் பொறுக்குமா? "ஒரு பாதியை என்கிட்ட விடுங்க மாப்பிள்ளை. ரெண்டே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கேளுங்கள்.

நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன். தகர டப்பாவில் மணலைக் கொட்டி, நடுவில் கல்லைப் புதைத்து, விறகு அடுப்புக்கு முன்னால் நீட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, கருகின ரொட்டியா?"

"உங்க ரொட்டிய விட மெத்துன்னுதான் இருக்கும். உள்ள வைங்க."

காய்ந்தால் மண் உதிர்ந்துவிடும் என்பது என் கணக்கு. மறுநாள் டப்பாவைக் கவிழ்த்தோம். மண் உதிர்ந்திருந்தது. கூடவே கருப்பும் போயிருந்தது! தெளிந்த தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத ஒரு கல் என் கையில் கிடந்தது. சூடு பட்டால் இந்தக் கருப்பு நிற்காது என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. "உம்ம மூஞ்சியப் பார்த்துக் கல்லு பயந்து வெளுத்துருச்சு" என்றார் முதலாளி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கித் தராசில் வைத்தார். "எடை குறையல மச்சான். நிறம்தான் போயிருக்கு" என்றார். கல்லைத் துடைத்து அடி இழுப்பறையில் வைத்தார். பிறகு, "இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சங்கத்துல உங்களைக் கல்லு வேகவச்சவர்னே கூப்பிடுவாங்க. உங்களால அதைத் தாங்க முடியாது" என்றார். அது நடந்து இருபத்திரண்டு வருடம். மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் செயலாளர் மாப்பிள்ளையின் கற்களைப் பட்டியல் எடுக்க வீட்டுக்கு வந்தார். அடி இழுப்பறையில் அந்த வெளுத்த பாதி இருந்தது. எடைபோடப் பேழையிலிருந்து கொண்டு வந்திருந்த கருப்புப் பாதியோடு சேர்த்துப் பார்த்தார். பல்லும் பல்லும் கடித்தது போல முகம் பொருந்தியது. "வெள்ளைக் கல்லை உடைச்சு ஒரு பாதியை மட்டும் எந்திரத்துல கருக்கியிருக்கீங்க. அப்படித்தானே?" என்று கேட்டார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. பேசினேன்! "அது நான் ஒரு கப்பல்காரர்கிட்ட வாங்கின கண்ணாடித் துண்டு" என்றேன். பொருந்தி நிற்கிற கல்லைப் பார்த்துக்கொண்டே, வாய் கூசாமல்! செயலாளர் சிரித்தார். மாப்பிள்ளை, "நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று இழுப்பறையை மூடினார். விளக்கம் கேட்டுச் சங்கத்தின் கடிதம் வந்தது. கடிதம் வந்த பதினோராம் நாள் அவர் போய்விட்டார். தினமும் அவர் வீட்டுப் படியேறினேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கி வந்தேன்.

தலைவர் அவர்களே, மணி அடிக்காதீர்கள். இன்று நான் உட்கார மாட்டேன்.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்ப மாட்டேன். ஆகவே, மூன்றாம் வரிசையில் இருக்கும் ரொட்டிக்கடை முதலாளி அவர்களே! அடுப்புக்குள் போனபோது அந்தக் கல் என்ன நிறம்? எழுந்து சொல்லுங்கள். எனக்காக வேண்டாம், அவருக்காகச் சொல்லுங்கள்.

எழுந்துவிட்டார். கேட்டீர்களா? "கன்னங்கரேல்னு இருந்துச்சு" என்கிறார். நன்றி முதலாளி. நீங்கள் நிற்கிற வரையில் நானும் நிற்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலை என் தங்கை மகள் தராசுப் பெட்டியைத் துடைத்தபோது எடைக்கற்களுக்கு அடியில் ஒரு சீட்டு கிடைத்தது. "மாமா, அப்பா கையெழுத்து" என்று என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் எழுதி வைக்கும் அதே சீட்டுதான். இடம்: குழாய்ப் பள்ளம். எடை: ஒரு கிலோ அறுநூற்று நாற்பது. கிடைத்தபோது நிறம்: கருப்பு. இப்போது நிறம்: இல்லை. காரணம்: அந்தக் கட்டம் மட்டும் காலி.

ஒரு சீட்டில் ஒரு கட்டம்கூட விடாத மனிதர்! தன் பெயர் கெடப் போகிறது என்று தெரிந்தும் இதை எடுத்து நீட்டவில்லை. நீட்டினால் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்.

அன்பர்களே! இந்த இரண்டு பாதிகளும் ஒரே பேழையில் அடுத்தடுத்து இருக்கட்டும். பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் நானே பக்கத்தில் நின்று சொல்கிறேன். டார்ச்சும் நானே பிடிக்கிறேன். முந்நூறு அடி இருக்காது, பாம்பு இருக்காது. குடை மட்டும் இருக்கும். குடை பிடித்தது நிஜம்.

செயலாளர் அவர்களே, இந்தாருங்கள் சீட்டு. காலியாக இருந்த கட்டத்தை இன்று காலை நான் நிரப்பிவிட்டேன். கையெழுத்து கோணல்தான், ஆனால் என் முழுப்பெயர் இருக்கிறது. உங்கள் தீர்மானத்துக்கு முன்னால் இதை வாசியுங்கள். கொஞ்சம் சத்தமாக, என் தங்கைக்குக் கேட்கும்படி.