கறையான் மேல் பழி வேண்டாம்

பாலசுப்பிரமணியம் சார், கறையான் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தில் கம்பம் முறிந்து விழுந்ததற்குக் கறையான்தான் காரணம் என்று நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை ஆபீசில் படித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. ஆனால் கறையான் தின்ற மரத்துக்குள் மண் இருக்கும். இதில் மண் இல்லை. சாத்தம் தீவு மரமில்லில் இருபத்தைந்து வருஷம் மரம் தூக்கிய கோவிந்தராஜின் மகள் நான். படித்த ஓவர்சியர் ஒருவர் மரத்தைப் பற்றித் தப்பாக எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு உறுத்தல் எதுவும் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஃபைலில் இருக்கட்டும். அறுபத்தெட்டில் பெண்கள் அணி தொடங்கியபோது ஐந்து பேர் சேரவே ஒரு மாதம் ஆனது. ஐந்தாவது பெண் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அரைப்பாவாடை போட்டு ஆடுவதை எங்கள் டெய்ரி ஃபார்ம் பேட்டை முழுக்கப் பேசினார்கள். அப்பா தெருவில் நின்று, "மில்லுல நான் கோவணத்தோட நிக்கிறேன், அத எவனாச்சும் பேசுறானா?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அதற்கு ஒரு வித்தை கண்டுபிடித்தேன். ஓடிவந்து, ஒரு காலைக் கம்பத்தில் வைத்து உந்தி எழும்பி, பந்தை வளையத்துக்குள் போடுவேன். அது விதிப்படி சரியா என்று எந்த நடுவருக்கும் தெரியாது. இருந்த ஒரே விதிப்புத்தகம் மழையில் நனைந்து செங்கல் ஆகிவிட்டது. நர்சுகள் அணியை அப்படித்தான் ஜெயித்தோம். கடற்படை அதிகாரிகளின் மனைவிமார் அணியையும் அப்படித்தான். கம்பம் ஜெயமணி என்றால் ஃபெர்ரிக்காரனுக்குக்கூடத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் என்னையே பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், இன்னும் ஆறு மாதம் இரு என்று. நாலு வருஷத்தில் எட்டுக் கடிதம். அந்த நாலு வருஷத்தில் நான் உருவாக்கிய ஒரே உருப்படியான ஆட்டக்காரி மெஹர்பானு. அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதின் மகள். முதல் நாள் பந்தைத் துணிமூட்டை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வருஷம் அவளிடமிருந்து யாராலும் பந்தைப் பிடுங்க முடியவில்லை. என் கம்ப வித்தையையும் அவளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். எழுபத்துமூன்றில் ஒரு புயல்மழையில் கடல் பக்கத்துக் கம்பம் சாய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு போட்டி. இரும்பு மாதிரி கனக்கிற படாக் மரத்தில் கம்பம் வேண்டுமென்றால் தூக்க லாரி வேண்டும், லாரிக்கு மூன்று கையெழுத்து வேண்டும். அதனால் மில்லில் பப்பிட்டா கேட்டு வாங்கினேன். தீக்குச்சி சீவுகிற வெள்ளை மரம். நேராக இருக்கும், ஆறு பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கி வந்துவிடலாம். மில்காரர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பழைய கம்பத்திலிருந்த படாக் பலகையைக் கழற்றி இதன் உச்சியில் மாட்டினோம்.

அப்பா வந்து பார்த்தார். "கழுத, தல படாக்கு, காலு தீக்குச்சி. மண்ணுல நட்டா ரெண்டு மழ தாங்காது" என்றார். நானும் அடுத்த வருஷம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தேன். கணுக்கால் உயரத்தில் பாதி ஊசி இறங்கியது. இரண்டாம் மழைக்குப் பிறகு முழு ஊசியும் இறங்கியது. மரத்தூளும் பசையும் குழைத்து ஓட்டையை அடைத்து, குடியரசு தினத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பார்க்கக் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நின்றது. என் பிள்ளைகளைக் கடல் பக்கம் ஆடவிடவில்லை. பெயின்ட் காயவில்லை, ஒட்டும் என்று சொல்லிவைத்தேன். மூன்று மாதமாகக் காயாத பெயின்ட் எது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நல்ல ஒழுக்கமான அணி.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சியாளர் வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள். மெயின்லாண்டில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் முதல் உரிமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. என்னிடம் எட்டுக் கடிதம்தான் இருந்தது. மெட்ராசில் ஒரு வருஷம் பயிற்சி முடித்து, சான்றிதழோடு மெஹர்பானு கப்பலில் வந்து இறங்கினாள். கூப்பிடப் போனவள் நான்தான். துறைமுகத்திலேயே என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வேலை எனக்கு வந்தாலும் பேருக்குத்தான். நீங்க அசிஸ்டன்ட்டா என்கூடவே இருங்க. நான் காலேஜ் பெரிய சாஹிப்கிட்ட பேசுறேன்" என்றாள்.

நல்ல மனசு. அதை நான் மறுக்கவே இல்லை. அவள் பெட்டியை மரைன் ஹில் மேடு வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன். அசிஸ்டன்ட் வேறென்ன செய்வாள்.

தேர்வுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே காலையில் செயல்விளக்கம் வைத்தார்கள். தேர்வுக்குழு முன்னால் ஆளுக்கொரு பக்கம், நாலு பெண்களை வைத்துச் சொல்லிக்கொடுத்துக் காட்டவேண்டும். நான் சீனியர், எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குக் கண்ணில் வெயில் படக்கூடாது, ரோட்டுப் பக்கம் போதும் என்றேன். அவளுக்குக் கடல் பக்கம் கிடைத்தது. முதல் முறையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.

தொடங்குமுன் அவள் என் காதருகே வந்து கேட்டாள்.

"அக்கா, ஒங்க கம்ப வித்தையச் செஞ்சு காட்டவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ஒனக்குன்னுதானே சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைங்கள வெலக்கி நிறுத்திட்டுச் செய்" என்றேன்.

அந்த நாலு பிள்ளைகளும் இன்று நடமாடுவது அந்த ஒரு வார்த்தையால்தான். உங்கள் அறிக்கையில் அது இல்லை.

முதல் தடவை மிதித்தாள். குழுவிலிருந்த பெங்காலி சார் "பஹுத் அச்சா" என்று மெச்சினார். இரண்டாவது தடவை அடியில் ஒரு சின்னச் சத்தம். அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான், எனக்கு மட்டும் கேட்டது. அப்போது நான் விசில் ஊதியிருக்கலாம். விசில் வாயில்தான் இருந்தது. ஆனால் அடுத்தவளுடைய செயல்விளக்கத்தில் குறுக்கே விசில் ஊதுவது மரியாதை இல்லை. மூன்றாவது தடவை கம்பம் மடங்கியது. பலகை அவள் இடுப்பின் மேல் விழுந்தது. தூக்க ஏழு பேர் வேண்டியிருந்தது. படாக் என்றால் படாக்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லவேள அக்கா, நீங்க அந்தப் பக்கம் கேக்கல."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அவளால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. வாப்பா கடையில் உட்கார்ந்து துணி அளக்கிறாள். நிழலான இடம், உட்கார்ந்து செய்கிற வேலை. ஜெயமணி அக்காவுக்கே வேலையைக் கொடுங்கள் என்று அவளே குழுவுக்கு எழுதினாளாம். போன வாரம் உத்தரவு வந்தது. ஒன்பதாவது கடிதம், இதில் மாதக் கணக்கு எதுவும் இல்லை.

நான் யாரையும் தள்ளவில்லை. தெரிந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கெல்லாம் பிடித்துப் போடுவதென்றால், வெள்ளைக்காரன் கட்டி இப்போது மூடிக் கிடக்கிற நம் ஊர் ஜெயிலைத் திறந்தாலும் இடம் போதாது.

ஒன்று விட்டுப்போயிற்று. பலகை அறுபது கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் மாட்டியபோது அது நாற்பதுதான். செயல்விளக்கத்துக்கு முந்தின நாள் மாலை ஏணி வைத்து ஏறி, பின்பக்கம் இன்னொரு படாக் பலகையைப் போல்ட் போட்டு முடுக்கினேன். அழுகின மரம்கூடச் சில சமயம் பிடிவாதமாக நின்றுவிடும், சார். கறையான் பலகை சேர்க்காது. அதனால் அந்தக் கறையான் வரியை அடித்துவிடுங்கள்.

புதுக் கம்பத்துக்கு மட்டும் மறக்காமல் படாக் என்று எழுதுங்கள். லாரி தாமதமானால் ஆகட்டும். மில்லுக்கு நானே வந்து, ஊசியால் குத்திப் பார்த்து வாங்குகிறேன். என் பிள்ளைகள் ஆடுகிற இடம். அதில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.