வாய்விட்டுப் படித்த விருத்தாம்பாள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பிள்ளையார் கோவில் கமிட்டித் தலைவர் குஞ்சிதபாதம் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் விருத்தாம்பாளின் கணவர் துரைராஜ் அண்ணன் அவர்களே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, மந்தாரக்குப்பத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து பின்னால் நிற்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் ஆதிலட்சுமியின் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழகியவள் அல்ல. கோவிலுக்கு எண்ணெய், கற்பூரக் கணக்கு எழுதுகிறவள். அழுதுகொண்டே நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் விருத்தாம்பாளை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முன்னால் வருகிறது. சிரித்துக்கொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் இருந்திருந்தால் அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பாள்.

ஆசிரியை விருத்தாம்பாள், பி.ஏ., ஸ்பானிஷ்! இந்த டவுன்ஷிப்பில் வேறு யாருடைய பேருக்குப் பின்னாலாவது இப்படி ஒரு பட்டம் உண்டா? கம்மாபுரத்தில் பிறந்து, நம் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒரு மொழியில் பட்டம் வாங்க வேண்டும் என்று ஏன் நினைத்தாள்?

அனல் மின் நிலையத்துக்கு ரஷ்யாக்காரர்கள் வந்திருந்த காலம் அது. ரஷ்ய மொழி படித்தால் பிரமோஷன் வரும் என்று சொன்னார்கள். சுரங்கத்துப் பக்கம் ஜெர்மன் படித்தார்கள். அதில் ஒரு ஜெர்மன்காரர் முன்பு தென் அமெரிக்காவில் சுரங்க வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டிப் புத்தகத்தை நம் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஸ்பானிஷ். யாரும் தொடவில்லை. விருத்தாம்பாள்தான் எடுத்தாள். எதற்கம்மா உனக்கு இது, அந்த நாட்டுக்காரன் இங்கே வரப்போகிறானா என்று நானே கேட்டேன். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்தாக இருக்கிறது, பொருள்தான் தெரியவில்லை, அது எனக்குப் பொறுக்கவில்லை என்றாள். பொறுக்கவில்லை! அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

வீட்டிலிருந்தே படித்து எழுதுகிறவர்களுக்கென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் பரீட்சை அது. மெட்ராஸுக்குப் போய் எழுத வேண்டும். நாடகம், கவிதை, இலக்கிய வரலாறு, மொழிபெயர்ப்பு என்று இருந்த அத்தனை தாளிலும் தேறினாள். வாய்மொழித் தேர்வில் தவறிவிட்டாள்.

ஏன் தவறினாள்? நம் பிளாக்கில் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த நேரமும் நம் பிளாக்கில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த வீட்டில் நைட் ஷிப்ட் என்றால் அடுத்த வீட்டில் விடிகாலை ஷிப்ட். அம்மியில்கூட நாம் நேரம் பார்த்துத்தான் அரைக்கிறோம். தூக்கம் கெட்ட மனுஷன் பாய்லர் பக்கம் போய் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதனால் விருத்தாம்பாள் அத்தனை வருஷமும் உதடு அசையாமலே படித்தாள். பரீட்சையில் ஸ்பானிஷ்கார அம்மையார் எதிரே உட்கார்ந்து வாசிக்கச் சொன்னதும், அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தாள். "நான் படிச்சதெல்லாம் கண்ணுக்குத்தான்க்கா தெரியுது. வாய்க்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். அடுத்த முறையும் வாய்மொழியில் தவறினால் எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வாய்விட்டுப் படிக்க ஓர் இடம் வேண்டும். இவ்வளவு பெரிய டவுன்ஷிப்பில் ஒரு பெண்பிள்ளை சத்தம் போட்டுப் படிக்க எங்கே இடம்? பள்ளிக்கூடத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள். ரோட்டில் நின்று படிக்க முடியுமா?

பிள்ளையார் கோவில் வெளிப் பிராகாரத்துக்குப் போனாள். மாலையில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினாள்.

இங்கேதான் வேடிக்கை. மந்தாரக்குப்பத்து மாணிக்கம்மாள், அதோ முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே சிரிக்கிறாள், அவள் கணவர் அப்போது கான்ட்ராக்டில் இருந்தார். டீச்சரம்மா ஏதோ பெரிய மந்திரம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள். அந்த மாதமே அவருக்கு பர்மனென்ட் ஆகிவிட்டது! கேட்க வேண்டுமா? அடுத்த வாரம் பிராகாரம் கொள்ளவில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் விருத்தாம்பாள் பின்னால். அவளோ புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளையாருக்கு அன்று நல்ல கூட்டம் என்றுதான் நினைத்தாளாம்.

பரீட்சைக்குத்தான் படிக்கிறாள் என்று தெரிந்த நானும் சும்மா இருக்கவில்லை; அந்தப் பாஷையிலும் சாமி பாட்டு இருக்கும்தானே என்று நினைத்துவிட்டேன். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போய், எனக்கும் அந்த மந்திரத்தை உபதேசம் பண்ணு என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது கழுதைப் பாட்டு" என்றாள். "வண்டிக்காரன் ஒருத்தன் அவன் கோவேறு கழுதையத் திட்டுறான். அது ஆத்தத் தாண்ட மாட்டேங்குது."

சொல்லாமல் விட்டிருக்கலாம் இல்லையா? கூட்டம் கோபித்துக்கொண்டால் அந்த இடமும் போய்விடும், பட்டமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நிமிஷமே எல்லோரையும் நிறுத்தி, இது மந்திரம் இல்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாணிக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"கழுதையோ குதுரையோ, உங்க பின்னால சுத்திக்கினு இருந்தப்பதான் எங்க வூட்டுக்காரருக்கு பர்மனென்ட் ஆச்சுங்க. அத வுடுங்க டீச்சர். அது ஆத்தத் தாண்டிச்சா இல்லியா?"

அன்றைக்கு உட்கார்ந்து கதை சொன்னாள். மறுநாள் வேறு கதை. எங்களுக்குச் சந்தேகம் வந்தால் விடமாட்டோம். கதையில் வருகிற அந்தப் பெண் ஏன் ஓடிப்போனாள், அப்பன்காரன் சும்மாவா இருந்தான் என்று குடைவோம். அவள் தமிழில் பதில் சொல்லிவிட்டு, அதையே ஸ்பானிஷில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். நாங்கள் தலையாட்டுவோம்.

அப்புறம்தான் கமிட்டியில் புகார் வந்தது. வேற்று மொழியில் கழுதைப் பாட்டை சாமி சந்நிதியில் பாடுவதா என்று தலைவர் ஐயா கோபப்பட்டார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன். கணக்கு ஒப்பிக்கப் போன என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்குச் சாஸ்திரம் தெரியாது. "இந்த டவுன்ஷிப்ல எல்லாரும் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்குறவங்கதாங்க ஐயா. ஷிப்டே இல்லாம முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவரு பிள்ளையார் ஒருத்தர்தான். அவரத் தவிர அந்தப் பொண்ணு வேற யார்கிட்டப் போயிச் சத்தம் போடுங்க?" என்று கேட்டேன். ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முதலில் ஒரு சாமி பாட்டு, அப்புறம் கழுதை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு இந்த மேடையில் மறுபடியும் கைகூப்புகிறேன்.

அடுத்த பரீட்சையில் அவள் வாசித்த சத்தத்தில் வாசலில் இருந்த பியூன் எட்டிப் பார்த்தாராம். ஸ்பானிஷ்கார அம்மையார் கேள்வி கேட்கக் கேட்க, மாணிக்கம்மாளுக்குப் பதில் சொல்வதுபோலவே சொன்னாளாம். தேறினாள் விருத்தாம்பாள்! தந்தி வந்த அன்று துரைராஜ் அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமில்லாமல், கோவிலுக்கு ஓடிவந்துதான் கூவினாள்.

அதன்பிறகு அந்தப் பிராகாரம் சும்மா இருந்ததா? நர்ஸ் பரீட்சைக்குச் சாமியம்மாள் அங்கேதான் வாய்விட்டுப் படித்தாள். மாணிக்கம்மாள் தமிழ் எழுத்துக் கூட்டியது அங்கேதான். போன மாதம் நெஞ்சுவலி வந்து விருத்தாம்பாளை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போன அன்று மாலைகூட, யாரும் சொல்லாமலே பெண்கள் புத்தகத்தோடு அங்கே வந்து நின்றார்கள். அது நிற்காது. சாயங்காலம் விளக்கேற்றி வைப்பது என் பொறுப்பு. படிக்க இடமில்லாத பெண் எந்த மொழிப் புத்தகத்தோடு வந்தாலும், கேட்க ஆள் இருக்கும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். இதை மாதர் சங்கத்தின் சார்பில் துரைராஜ் அண்ணன் எதிரே வாக்காகக் கொடுக்கிறேன்.

கடைசியாகத் தலைவர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். அடுத்தது மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சியில் போட்டிருக்கிறது. மௌனம்தானே ஐயா அவளை ஒருமுறை தோற்கடித்தது? அதையே அவளுக்கு எப்படிக் காணிக்கை வைப்பது? இந்த மன்றத்தைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ் இல்லை. தூக்கம் கெடுகிறவர் யாரும் இல்லை. எல்லோரும் எழுந்து நிற்போம். அவரவருக்கு மனப்பாடமாகத் தெரிந்ததை, சாமி பாட்டோ, வாய்ப்பாடோ, பிள்ளைக்குப் பாடிய தாலாட்டோ, நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சொல்வோம். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிய வேண்டும் என்பதில்லை.

ஐயா தலையசைத்துவிட்டார். எழுந்திருங்கள் அம்மா. துரைராஜ் அண்ணன், நீங்களும்தான். ஆரம்பிப்போம். சத்தம் போதாது, இன்னும் கொஞ்சம்.