பொட்டு வைத்த பெட்டி

பழைய ராணுவத் துப்பாக்கிக்குக் குண்டு தேர்ந்தெடுக்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பக் கூடாது. நான் ஒவ்வொரு குண்டையும் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பேன். நூறு குண்டுள்ள பெட்டியில் நாலைந்தாவது தேறாது. அவற்றைத் தனியே போட்டுவிடுவேன்.

என் பெயர் ஜம்புநாதன். வயது ஐம்பத்தெட்டு. அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. மாத்திரையில் ஒரு மில்லிகிராம் கூடினாலும் மொத்த பேட்சையும் நிறுத்திவிடுவேன். வீடு மான்மவுத் ஜங்ஷனில். நானும் மனைவி ருக்மிணியும்தான்.

என்னிடம் இருப்பது த்ரீ நாட் த்ரீ. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரி பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே துப்பாக்கிதான். யுத்த காலத்தில் அவசரமாகச் செய்தவை. ஒன்றின் குழல் போல இன்னொன்றின் குழல் இருக்காது. மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி அனுப்பி, மறுபக்கம் வந்து விழுவதை அளந்தால்தான் உள்விட்டம் சரியாகத் தெரியும். குண்டு அதைவிட ஒரு மயிரிழை பருமனாக இருக்க வேண்டும். மெலிந்தால் குறி சிதறும். அதனால் தோட்டாவைக் கடையில் வாங்காமல் கராஜில் நானே தயாரித்துக்கொள்வேன். பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும்.

பத்ரிக்குப் பொறுமை இல்லை.

பத்ரி நாலு வீடு தள்ளி இருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், ஐ.டி.யில் மேனேஜர். என்னைப் பார்த்துத்தான் அவனும் ஒரு த்ரீ நாட் த்ரீ வாங்கினான். அளக்கிற வேலை மட்டும் என்னுடையது. அவன் துப்பாக்கியின் குழலில் ஈயம் தட்டி அளந்தவன் நான். அதற்குப் பொருந்தும் குண்டைத் தேடி மூன்று வாரம் அலைந்தவன் நான். அவன் கராஜுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டுவான்.

"மாமா, மாமி அடைக்குப் பருப்பு போடறப்போகூட இப்படித்தான் மைக்ரோமீட்டர் வெச்சிண்டு நிக்கறேளா?"

ஒருநாள் அவன் சுட்ட ஐந்து குண்டும் ஒரு எட்டணா அகலத்துக்குள் விழுந்தன. அந்தப் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டு, 'நம்ம கை ராசி' என்று எழுதினான். எண்பத்து நாலு பேர் கை தட்டினார்கள். அடுத்த வாரம் துப்பாக்கி சுடும் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் முன்னால் என் தோளில் கை போட்டு, "ஹி இஸ் மை குக்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில்கூட நான் 'பத்ரியோட சமையல்காரர்' ஆகிவிட்டேன்.

இதற்காக நான் கோபப்பட்டதாக நினைக்க வேண்டாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

மார்ச் மாதம் அவன் துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலையும் என்னுடையதுதான். தோட்டாவை அடைத்துப் பிடிக்கும் போல்ட்டில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதை இனிமே சுடாதே பத்ரி. போல்ட்டை மாத்து."

"நூறு வருஷம் தாங்கினது மாமா, என் காலத்துல உடைஞ்சுடுமா? மருந்தைக் கொஞ்சம் கம்மியாப் போடுங்கோ. உப்புக் கம்மியாப் போடற மாதிரி." அவன் கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஆகவே, அவனுக்கு மருந்து குறைத்துத் தனியாகத் தோட்டா செய்தேன். என் துப்பாக்கி திடமானது. எனக்கு மட்டும் முழு பலத்தில் செய்துகொண்டேன். இரண்டும் ஒரே மாதிரிப் பச்சைப் பெட்டியில் இருக்கும். பத்ரி கேட்காமலே அலமாரியைத் திறந்து எடுக்கிறவன். எனவே என் பெட்டிகளின் மூடியில் ருக்மிணியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தேன். அரக்குச் சிவப்பு. "பொட்டு வெச்சதைத் தொடாதே, உன் துப்பாக்கி தாங்காது" என்று சொன்னேன்.

"பொட்டு வெச்சவாளை நான் என்னிக்கு மாமா தொட்டிருக்கேன்?" என்றான். ஆனால் ஏழு மாதம் ஒருதரம்கூடத் தவறாமல் பொட்டில்லாத பெட்டியைத்தான் எடுத்தான். விளையாட்டுப் பேச்சுப் பேசினாலும் உயிர்மேல் ஆசை உள்ளவன்.

சென்ற அக்டோபரில் சரஸ்வதி பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் கொலுவுக்குப் பக்கத்தில் ருக்மிணியின் சுருதிப் பெட்டி, என் லேப்டாப், கார்ச் சாவி எல்லாம் வைத்துப் பூஜை செய்வோம். தோட்டாப் பெட்டிகளை வைத்ததில்லை. அந்த வருஷம் ஆறு பெட்டிகளையும் நானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன்.

"ஏன்னா, இதெல்லாமா? அம்பாள் முன்னாடியா?"

"ஆயுத பூஜைன்னுதானே பேரு? எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வை."

அவள் மோதிர விரலால் ஒவ்வொரு மூடியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். ஆறு பெட்டி, ஆறு பொட்டு. ருக்மிணியின் கை நேர்த்தியான கை. எல்லாம் ஒரே அளவு.

சாயங்காலம் பத்ரியும் அவன் மனைவி ப்ரியம்வதாவும் சுண்டலுக்கு வந்தார்கள். பத்ரி பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "மாமி, சமையல்காரர் வெஞ்சனத்துக்கெல்லாம் பூஜையா?" என்றான். ப்ரியம்வதா, "சும்மா இருங்கோளேன், எப்பப் பார்த்தாலும்" என்று அவன் கையில் தட்டினாள். அந்தக் குடும்பத்தில் எனக்காக ஒரு வார்த்தை பேசியவள் அவள்தான்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து உபயோகிக்க வேண்டிய நாள். பத்ரி காலையில் வந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு வினாடி பார்த்தான். "பூஜைப் பொட்டு," என்றேன். அது பொய்யில்லை. கைக்கு எட்டிய பெட்டியை எடுத்தான். முன்வரிசையில் இருந்தது.

கிளப்பில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பத்ரியோடு காரிலிருந்து ப்ரியம்வதாவும் இறங்கினாள்.

"இன்னிக்கு மேடத்துக்கு அக்ஷராப்யாசம் மாமா. விஜயதசமிக்குப் புதுசா ஏதாவது ஆரம்பிக்கணுமாம். வீணை வேண்டாம், துப்பாக்கி போதும்னுட்டா."

"எனக்குப் பயமா இருக்கு மாமா. நீங்க பக்கத்துல நில்லுங்கோ," என்றாள் அவள்.

நின்றேன். பத்ரி அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை அவள் கையில் கொடுத்தான். இந்த இடத்தில் நான் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். 'அதைச் சுடாதே' என்றால், பெட்டியைத் தொடாமலே அது எந்தப் பெட்டி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பத்ரி கேட்டிருப்பான். அவன் முட்டாள் இல்லை.

அவள் பத்ரியின் துப்பாக்கியைத் தப்பாகப் பிடித்திருந்தாள். முகத்தை விலக்கிவைத்திருந்தாள். தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. "கன்னத்தை நன்னா ஒட்டிக்கோம்மா. அப்பத்தான் குறி வரும்," என்றேன். சொன்னபடி ஒட்டிக்கொண்டாள். நான் மூன்றடி பின்னால் நகர்ந்தேன்.

போல்ட் உடைந்து பின்பக்கமாக வந்தது. ப்ரியம்வதா ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள்.

விசாரிக்க வந்த டிடெக்டிவ் மரியாதையான மனிதர். மூடியில் என்ன சிவப்புப் பொடி என்று கேட்டார். ஆயுத பூஜை என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினேன். ருக்மிணி அழுதுகொண்டே தன் விரலால் வைத்ததைக் காட்டினாள். 'மதச் சடங்கினால் அடையாளம் குழம்பியது' என்று எழுதிக்கொண்டார். விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்தக் கோப்பில் ஒரு பிழை இருக்கிறது. பிழையோடு ஒரு கோப்பை மூடி எனக்குப் பழக்கமில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். குங்குமத்தால் அடையாளம் குழம்பியிருக்க முடியாது. குங்குமத்துக்கு அடியில் ஸ்டிக்கர் பொட்டு இருந்திருந்தால் விரல் பட்டாலே தெரியும். பூஜைக்கு முந்தின நாள், சோப்பு நீரில் துணியை நனைத்து, என் மூன்று பெட்டிகளின் ஸ்டிக்கர் பொட்டுகளையும் உரித்தவன் நான். அந்த மூன்றையும் கைக்கு எட்டும்படி முன்வரிசையில் வைத்தவனும் நான். பத்ரிக்காகத்தான் வைத்தேன். ப்ரியம்வதா வந்தது அவர்களுடைய முடிவு. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

பத்ரி இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அதே ஸ்டூலில் உட்காருகிறான். காலை ஆட்டுவதில்லை. "நான்தான் மாமா பார்க்காம எடுத்துட்டேன்," என்கிறான். யாரும் என்னைச் சமையல்காரர் என்று சொல்வதில்லை.

ருக்மிணிதான் தேறவில்லை. குங்குமச் சிமிழை எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். வலது கை மோதிர விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். காலையில் காபி கொண்டுவந்து வைக்கும்போது, "என் கையாலன்னா," என்று ஆரம்பிப்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்லை," என்பேன். ஒருநாள்கூடத் தவறாமல் சொல்கிறேன். அவள் நம்புவதில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கட்டினவளிடம் நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.