புதாத்துக் கரையில் பத்து மொளக்குச்சி

இவனுவளுக்கு மறியல் பண்ண வேற நாளே கெடைக்கலியாண்ணே? திங்கக்கெழம பண்ணு, செவ்வாக்கெழம பண்ணு, யாரு வேணாங்குறா? ஞாயித்துக்கெழம விடியக்காலம் அஞ்சு மணிக்கு, அதுவும் மொத பஸ்ஸப் புடிச்சு நிறுத்திக்கிட்டு… ச்சே! ஆறரைக்கு நான் தஞ்சாவூர்ல நிக்கணும்ண்ணே. நின்னா பத்தாது, ஓடணும். மாரத்தான்! இருபத்தோரு கிலோமீட்டரு. இந்தா, துண்ட வெலக்குறேன் பாருங்க, நெஞ்சுல நம்பரு குத்தியிருக்கேன், நாநூத்திப் பன்னெண்டு. உஷ்ஷ், சத்தம் போட்டுப் படிக்காதீங்க. அந்த ஜன்னல் ஷட்டர செத்த எறக்கி வுடுங்க. முழுசா வேணாம், பாதி. என் மூஞ்சி வெளிய தெரியாத அளவுக்கு.

ஏன்னா, மறிக்கிறது பூரா எங்க ஊரு ஆளுவண்ணே. அத்திக்கரை. அந்தா பாலத்து மேல டிராக்டர குறுக்க வுட்டுட்டு மேல ஏறி நிக்கிறான் பாருங்க, என் பங்காளி அய்யாவு. அதுக்கு முன்னாடி ரோட்டுல ஒக்காந்துருக்கறது பூரா பொம்பளைங்க. பச்சச் சீலையில ஒண்ணு மைக்குல கோஷம் போடுதே… அது கெடக்கட்டும், அத விடுங்க.

அண்ணனுக்கு எந்த ஊரு? மல்லிப்பட்டினமா! பேரு? காயாரோகணம். அது நாகப்பட்டினத்துப் பேராச்சே! ஓகோ, பொறந்தது அங்க, பொண்ணு கட்டுனது இங்க. நல்லது. பின்னாடி படிக்கட்டுகிட்ட ஒரு ஐஸ் பெட்டி இருக்கே, உங்களுதா? அதான பாத்தேன், தண்ணி ஓடி என் ஷூவ நனைச்சுப்புட்டுது. பரவால்ல பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க, ஐஸ்னா கரையத்தான் செய்யும். ஏழு மணிக்குள்ள தஞ்சாவூரு மார்க்கெட்டுக்குப் போவலன்னா மீனு போச்சா? அடப்பாவமே. உங்களுக்கு மீனு, எனக்கு நாலு மாசப் பாடு.

நாலு மாசம்ண்ணே! சக்கர முன்னூத்தி இருவதுல நிக்குது, நடங்கன்னாரு டாக்டரு. நடன்னா நடந்துட்டுப் போறதுதான? வெதி யார வுட்டுது. எங்க ஊரு ஐஸ்கூல்ல வெளையாட்டு வாத்தியாரு ஒருத்தரு இருக்காரு, அஹமது கபீருன்னு. தங்கமான மனுசன், ஆனா வாயத் தொறந்தா ஆளக் கவுத்துப்புடுவாரு. "வைரக்கண்ணு, உனக்கு ஓடுற ஒடம்பு"ன்னாரு. நாப்பத்தாறு வருசத்துல என் ஒடம்பப் பத்தி யாரும் நல்ல வார்த்த சொன்னதில்ல பாருங்க, வுழுந்துட்டேன். ஒரு நோட்டு போட்டுக் குடுத்தாரு. திங்க ஓய்வு, செவ்வா அஞ்சு, புதன் எட்டு, ஞாயிறு நீளம். நீளம்னா என்னா சார்னேன். நாக்கு வெளிய வர்ற வரைக்கும்னாரு.

ஓடுறதுகூடக் கஷ்டமில்லண்ணே. இந்த ஜனங்க ஓட வுட்டாத்தான! நம்ம பக்கத்துல ஒருத்தன் ஓடுனா ஒண்ணு சாவு, இல்லன்னா மாடு அத்துக்கிட்டுப் போயிருக்கணும். வேற எதுக்கு மனுசன் ஓடப்போறான்? மொத வாரம் நாலு பேரு மாடு தேட வந்துட்டானுவ. வண்டியில போறவன் ஒருத்தன் வுடாம நிறுத்துறான். "ஏறுங்க மாமா, எங்க அவசரமா?" ஒண்ணுமில்லப்பா, சும்மாத்தான் ஓடுறேன். "அட கூச்சப்படாம ஏறுங்க!" இந்த அய்யாவு இருக்கானே, டிவிஎஸ் பிப்டிய எனக்குப் பக்கத்துலயே உருட்டிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டரு வந்தான். "பங்காளிங்குற பகையா? என் வண்டியில ஏறமாட்டியா?" கடைசியில அவன் மனசு நோவக் கூடாதுன்னு ஏறி ஒக்காந்தேன். ஓட வேண்டிய எட்டு கிலோமீட்டர்ல அஞ்சு டிவிஎஸ் பிப்டி ஓடுச்சு. நோட்டுல எட்டுன்னுதான் எழுதுனேன், அது வேற விசயம்.

வூட்ல கேக்கவே வேணாம். "நடவுக்கு ஆள் வரல, நாத்து முத்திப் போவுது, நீங்க கால் சட்டையப் போட்டுக்கிட்டு எவன் வூட்டு நாயோடவோ ஓடிட்டு வர்றீங்க"ம்பா மலர்கொடி. அவ சொல்றதுலயும் நாயம் இருக்கு. நாய் நெசமாத்தான் வரும்.

என்னாண்ணே? என்னா காரணத்துக்கு மறியலா? அது பெரிய கூத்து. இந்தப் பாலத்துக்குக் கீழ ஓடுதே புதாறு, அந்தப் புதாத்துக் கரையில எவனோ மொளக்குச்சி அடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். பத்து குச்சி. தலையில செவப்பு பெயிண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பத்து வரைக்கும் நம்பரு. கேஸ் எடுக்கக் கெணறு போடப் போறானுவ, பத்து கெணறுன்னு ஊரே கொதிச்சுப் போச்சு. கொதிக்காம என்னா பண்ணும்? எங்க மாமனாரு நெலத்துல எண்ணக் கொழாய் ஒடஞ்சுது. மூணு போகம் ஒரு புல்லு மொளைக்கல. கருப்பா, தொட்டாப் பிசுபிசுன்னு… மலர்கொடி அப்ப சின்னப் பொண்ணு. அந்த மண்ணக் கூடையில அள்ளிக்கிட்டு அவங்க அப்பா கூடவே ஆபீசு ஆபீசா போனவ. கேட்டா, இந்த ஆட்சியில இருக்கறவங்க அது அந்த ஆட்சியில போட்ட கையெழுத்தும்பாங்க. அவங்க வந்தா, அது அப்பவே முடிஞ்சு போன பைலும்பாங்க. மண்ணு அப்புடியேதான் கெடந்துச்சு. அப்புறம் குச்சியக் கண்டா ரோட்டுக்கு வருவாங்களா, மாட்டாங்களா?

அதுக்காக இன்னக்கித்தான் மறிக்கணுமாங்குறேன்!

தாசில்தாருகிட்ட நேத்தே கேட்டாங்களாம். எங்க குச்சி இல்லன்னு சொல்லல அந்தாளு. பொதுப்பணியா இருக்கும்னாரு. பொதுப்பணிக்காரன் ஹைவேஸா இருக்கும்னான். ஹைவேஸ்காரன் மேல கேட்டுச் சொல்றேன்னான். ஒருத்தனாவது எங்களுது இல்லன்னு துணிஞ்சு சொன்னானா? அப்புடிச் சொல்லிருந்தா அங்கனயே முடிஞ்சுருக்கும். அவனவன் ஆபீசுல என்னா நடக்குதுன்னு அவனவனுக்கே தெரியலண்ணே. இதுல என் தப்பு என்னா இருக்கு, சொல்லுங்க?

இல்லல்ல… நான் எங்க அப்புடிச் சொன்னேன்? பொதுவாச் சொன்னேன்.

ஏண்ணே அப்புடிப் பாக்குறீங்க? அட, தூரம் சரியா தெரியலன்னா எப்புடிண்ணே ஓடுறது? செல்லுல பாருங்கறாரு கபீர் சார். எங்க ஊருல டவர் ஏது? ஒரு நா ஓடி முடிச்சுட்டு எடுத்துப் பாத்தா நான் மன்னார்குடியில நிக்கிறேங்குது. அதான் கொத்தனாருகிட்ட டேப்பு வாங்குனேன். முப்பது மீட்டரு டேப்பு. பத்து கிலோமீட்டருக்கு முன்னூத்தி முப்பத்தி மூணு தடவ குனிஞ்சு நிமிந்துருக்கேன், தன்னந்தனியா! எனக்குச் சக்கர கொறஞ்சதே அதுலதான், ஓட்டத்துல இல்ல. அளந்தத அப்புடியே வுட முடியுமா? கிலோமீட்டருக்கு ஒரு மொளக்குச்சி. வூட்டு கேட்டுக்கு அடிச்ச செவப்பு பெயிண்டு கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு…

ஆமாண்ணே. நாந்தான்.

கத்தாதீங்கண்ணே! கும்புடுறேன், கண்டக்டரு திரும்பிப் பாக்குறாரு. உங்க மீனுக்கு நான் என்னா வேணாலும்… மொத முழுசாக் கேளுங்க. நேத்து சாயங்காலம் கோயில் வாசல்ல கூட்டம். சொல்லிப்புடணும்னுதான் போனேன். வாயத் தொறக்குறதுக்குள்ள மலர்கொடி எந்திரிச்சுட்டா. இருவது வருசத்துல நாலு பேரு முன்னாடி அவ பேசி நான் பாத்ததில்ல. "எங்க அப்பா செத்தது நெஞ்சு வலியில இல்ல, அந்த மண்ணப் பாத்துப் பாத்துத்தான் செத்தாரு. இந்தக் குச்சிய நட்டவன் என் கையில கெடச்சான்னா…"ன்னு சொல்லி அழுதுட்டா. கூட்டமே அழுவுது. அதுக்கப்புறம் நான் எந்திரிச்சு, "புள்ள, அது என் குச்சி, ஓடிப் பழவுறதுக்கு நட்டேன்"னு எப்புடிண்ணே சொல்லுவேன்? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

சொல்லலயா… சும்மாவாவது ஒக்காந்துருக்கலாம். புருசன் ஏன் வாயே தொறக்கலன்னு எல்லாரும் என்னையே பாக்குறானுவ. எந்திரிச்சேன். நட்டவன் கைய ஒடிக்கணும்னேன். கை தட்டுனானுவ. கை தட்டுனா நமக்குத்தான் நாக்கு நிக்காதே. சாலை மறியல் பண்ணாத்தான் தாசில்தாரு எறங்கி வருவாருன்னுட்டேன். ஒரே மனசா என்னைய போராட்டக் கமிட்டிக்குத் துணைச் செயலாளரா ஆக்கிப்புட்டாங்க. ஆமாண்ணே, மறியல் என் யோசனதான்! ஆனா பத்து மணிக்குன்னு சொன்னேண்ணே, பத்து மணிக்கு! மொத பஸ்ஸுல நைசாப் போயி ஓடிட்டு, மத்தியானம் வந்து கோஷம் போட்டுக்கலாம்னு கணக்கு. இந்த அய்யாவு பய, மொத பஸ்ஸயே மறிச்சாத்தான் வேகம் தெரியும்னு ராத்திரியோட ராத்திரியா மாத்திப்புட்டான். வூட்ல வக்கீலப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு, முந்துன ஸ்டாப்புக்கு நடந்து போயி முக்காடு போட்டு ஏறுனவன் நான். அந்தப் பச்சச் சீல யாருன்னு இன்னமும் நான் சொல்லணுமா?

இருங்க இருங்க, ஜீப்பு வருது. தாசில்தாருதான். அப்பாடா! அய்யாவு டிராக்டர நவுத்துறான், பொம்பளைங்களும் எந்திரிச்சு ஓரமா ஒதுங்குறாங்க பாருங்க. ஆபீசரு சிக்கிட்டாருல்ல, இனிமே பஸ்ஸ வுடலாம், அவர வுடக் கூடாதுன்னு அர்த்தம். டிரைவரு ஏறிட்டாரு! மணி அஞ்சே முக்கா. போயிடலாம்ண்ணே! உங்க மீனு பொழச்சுது, நானும் பொழச்சேன். குச்சிய நைசாப் புடுங்கிப் போட்டுட்டா ஒரு வாரத்துல ஊரே மறந்துரும். என்னா சொல்றாரு மைக்குல? ஷட்டர தூக்குங்க, காதுல வுழல…

"சர்வே அடுத்த மாசம்தானே, அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னது"ங்குறாரு.

அடுத்த மாசமா? எந்த சர்வே?

பதினாலு கெணறாம்ண்ணே. புதாத்துக் கரையோரமாவே பதினாலு. நான் பத்துதானண்ணே நட்டேன்…

மலரு மைக்கக் கீழ போட்டுட்டா. பாருங்க, தரையிலயே ஒக்காந்துட்டா. அவளும் உள்ளுக்குள்ள இது பொய்யா இருக்கணும்னுதான் கும்புட்டுக்கிட்டு இருந்துருக்கா போல. நான் ஒரு கிறுக்கன்ண்ணே. எல்லாம் என் கூத்துன்னு நெனச்சுக்கிட்டு, நாலு மாசத்த நெனச்சு அழுதுக்கிட்டு இருக்கேன். எனக்கும் அங்க நாலு மா நெலம் கெடக்கு.

கண்டக்டரு! ஒரு நிமிசம் நிறுத்துங்க. எறங்கணும்.

இல்லண்ணே, நீங்க போங்க, ஐஸ் கரையுது. ஒரே ஒரு ஒதவி. தஞ்சாவூர்ல எறங்குற எடத்துல வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தரு நிப்பாரு, அதான் கபீர் சாரு. வைரக்கண்ணுக்குக் கால் சுளுக்குன்னு சொல்லிருங்க. மறியல்னு சொல்லாதீங்க, அந்தாளு ஓட்டத்த வுட்டுட்டு இங்க வந்துருவாரு. குச்சி விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும்ண்ணே. சாகுற வரைக்கும்.

ஏ அய்யாவு, என்னடா பாக்குற? கால் சட்டைதான், நம்பருதான், அப்புறம் சொல்றேன், வழிய வுடு! மலரு… ஏ மலரு, அழுவாத புள்ள. செத்த நவுந்து ஒக்காரு.