பழைய சோத்துத் தண்ணி

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அறுத்தெடுக்கப் போன கணவனின் முதுகுக் கழலை அப்படியே சட்டைக்குள் புடைத்திருந்தது.

“தண்ணி குடிச்சதுக்கு ஆளத் திருப்பி அனுப்பற ஆஸ்பத்திரிய எங்காச்சும் பாத்திருக்கியா புள்ள?”

“பழைய சோத்துத் தண்ணிங்க அது! ஒரு சொம்பு!”

“சோறு தின்னயான்னு டாக்டர் கேட்டாரு, இல்லீங்கன்னேன். அதுல என்ன பொய்யி? நீ எதுக்கு வாயத் தொறந்தே?”

“மயக்கத்துல அது வாந்தியா வந்து மூச்சுக்குள்ள போனா உசுரே போயிரும்னு டாக்டர் சொன்னாருல்லீங்க?”

“நீ சொன்னதுக்கப்பறந்தான அதச் சொன்னாரு!”

“நான் சொல்லாம இருந்திருந்தா?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை மறுக்கா வரச் சொல்லியிருக்காரு. முந்தின ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தீராத புள்ள.”